இணைவு உலையின் நோக்குச் சாளரங்களும் சிதறும் நுண்ணலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிளாஸ்மாவைச் சூடாக்க அனுப்பும் நுண்ணலை, அதன் பாதையிலேயே இல்லாத சாளரத்துக்கு எப்படி வருகிறது? (பொறியியல் மாணவி, காரைக்குடி)

இணைவு உலை என்பது அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெற முயலும் கலன்; அதனுள் இருக்கும் மிகச் சூடான, மின்னேற்றத் துகள்களாலான வாயுவே பிளாஸ்மா; அதைக் கேமராக்கள் வெளியிலிருந்து பார்க்க உதவுபவை நோக்குச் சாளரங்கள். காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் சுழலும் அதிர்வெண்ணையோ அதன் மடங்கையோ கொண்ட அலையைக் கைரோட்ரான் என்னும் உயர்திறன் நுண்ணலை ஆக்கியிலிருந்து செலுத்துகிறோம். ஜெர்மனியின் வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் இணைவு ஆய்வுக் கருவி 2.5 டெஸ்லா புலத்தில் 140 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்துகிறது. பிரான்ஸில் கட்டப்படும் ஈட்டர் இணைவு உலைக்கு 170 கிகாஹெர்ட்ஸ். பிளாஸ்மா நல்ல நிலையில் இருந்தால் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆனால் அது உருவாகும் தொடக்கக் கணங்களிலும், அடர்த்தி வரம்பு மீறும்போதும், உறிஞ்சப்படாமல் எஞ்சும் அலை உலோகச் சுவர்களில் பட்டுப்பட்டுத் திரும்பி, கலன் முழுவதும் எல்லாத் திசைகளிலும் பரவிவிடுகிறது. முற்றத்தில் விழும் வெயில், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்களில் தாவித்தாவி உள்ளறை வரை வெளிச்சம் தருவதை நம் ஊர் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதே முறையில்தான் நேர்ப்பாதையில் இல்லாத சாளரமும் அலையைப் பெறுகிறது.

மைக்ரோவேவ் அடுப்பில் கண்ணாடிப் பாத்திரம் சூடாவதில்லையே, சாளரத்துக்கு மட்டும் ஏன் அச்சம்? (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், தேவகோட்டை)

ஐயா, சாளரக் கண்ணாடியான உருக்கிய சிலிக்கா உறிஞ்சும் பங்கு சிறியதுதான். ஆனால் அந்தப் பங்கு அலையின் அதிர்வெண்ணோடு உயரும். அதைவிட முக்கியமானது காலம். 100 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள வில்லை ஏறத்தாழ 170 கிராம் இருக்கும். அது 30 வாட் உறிஞ்சுகிறது, வெப்பம் வெளியேறவில்லை என்று வைத்துக்கொண்டால், 10 விநாடிச் சோதனையில் 2 டிகிரிதான் உயரும், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். வெண்டெல்ஸ்டைன் இலக்காகக் கொண்ட 30 நிமிட இயக்கத்திலோ அதே கணக்கு 400 டிகிரியைத் தாண்டிவிடும். உண்மையில் ஓரளவு வெப்பம் விளிம்பு வழியே வடியும் என்றாலும், சிலிக்காவின் வெப்பக் கடத்துத்திறன் செம்பினுடையதில் முந்நூறில் ஒரு பங்களவே என்பதால் அந்த வடிகால் மிக மெதுவானது. குறுகிய சோதனையில் தேறிய சாளரத்தை நீண்ட இயக்கத்துக்கு நம்பக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். மேலும், முதலில் தளர்வது பெரும்பாலும் சிலிக்கா அல்ல, அது உலோகத்தோடு சேரும் இணைப்பு. சூட்டில் உலோகம் விரியும் அளவுக்குச் சிலிக்கா விரியாது. ரப்பர் வளையம் இட்ட இணைப்பென்றால் அந்த வளையமே நுண்ணலையை உறிஞ்சும்.

அடுப்புக் கதவில் இருப்பதுபோல் துளைத்தகடு வைத்தால் போதாதா? (கானாடுகாத்தான் வாசகர்)

கருத்து சரி, அளவு பொருந்தாது. அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைநீளம் 12 செ.மீ.; ஒன்றிரண்டு மி.மீ. துளை அதற்குச் சுவர். 170 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.76 மி.மீ. மட்டுமே என்பதால், அதே துளை திறந்த கதவாகிவிடும். 0.025 மி.மீ. கம்பியை 0.2 மி.மீ. இடைவெளியில் பின்னிய வலையில் கண்ணுறு ஒளியில் சுமார் 77 சதவீதம் கடக்கும், நுண்ணலையின் பெரும்பகுதி திரும்பிவிடும். காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்எஸ்டி-1 டோகமாக்கில் (வளைய வடிவ இணைவுக் கலன்) பயன்படும் 42 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, நீளம் 7 மி.மீ. என்பதால், இதைவிட அகன்ற கண்களும் போதும். வலையும் சூடாகும், வெற்றிடத்தில் அதன் வெப்பம் சட்டத்தின் வழியே வெளியேற வேண்டியிருப்பதால், சுற்றிலும் இடைவெளியின்றிச் சட்டத்தோடு பற்றவைப்பது அவசியம். இடைவெளி இருந்தால் அது அலை கசியவும் வழியாகும்.

வலைக்குப் பதிலாக, தொடுதிரைகளில் உள்ள, மின்சாரம் கடத்தும் ஒளிபுகு படலமான இண்டியம் டின் ஆக்சைடைப் பூசலாமா? (மென்படல ஆய்வு மாணவர், காரைக்குடி)

கண்ணுறு ஒளிக்கான கேமரா என்றால் தாராளமாகப் பூசலாம். சுவரின் வெப்பநிலையைப் பார்க்கும் 3 முதல் 5 மைக்ரான் அகச்சிவப்புக் கேமராவின் முன் பூசினால், படலம் அந்த ஒளியையும் தடுத்துவிடும். அங்கே சஃபயர் சாளரமும் உலோக வலையும்தான் ஏற்றவை. மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்த ஊரில் இருந்து படலங்களைப் பற்றி ஆராயும் உங்களைப் போன்றவர்கள், நுண்ணலை பாயும்போது படலமே எவ்வளவு சூடாகிறது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எல்லாச் சாளரங்களையும் வைரத்தால் செய்தால்? (தேவகோட்டை வாசகர்)

செயற்கை வைரம் செம்பைவிடப் பல மடங்கு வெப்பம் கடத்தும், மிகக் குறைவாகவே உறிஞ்சும். விலை மிக அதிகம். மெகாவாட் கற்றை நேராகப் புகும் வாயிலுக்கு அது இன்றியமையாதது. நோக்குச் சாளரங்களுக்கு, கலனுக்குள் சிதறலை அளக்கும் உணரிகளை வைத்து, வரம்பு தாண்டினால் கைரோட்ரானை உடனே நிறுத்தும் ஏற்பாடு செய்வதையே நான் முதலில் கேட்பேன். வலையும் படலமும் அதற்கு அடுத்தவை.