முழுச் சம்பளமும் கையில்

அன்புள்ள ஐயாவுக்கு,

யாழ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்து முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கொழும்பு நிறுவனம் ஒன்று இங்கே திறந்திருக்கும் கிளையில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு விருப்பமில்லை. பட்டதாரிகளுக்கான அரச நியமனம் வரும்வரை பொறு என்கிறார். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்" என்று, அரசாங்க வேலைதான் வேலை என்ற பழைய பல்லவியைத் தொடங்கிவிட்டார். எனக்கு இரண்டிலும் மனமில்லை. மிளகாய்த்தூள், பனையில் இருந்து வரும் ஒடியல்மா, பனாட்டு இவற்றைத் தரமாகப் பொதி செய்து கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பும் தொழில் ஒன்றை மூன்று பேரை வேலைக்கு வைத்துத் தொடங்க வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தொழில் தொடங்கும் முயற்சியாண்மை என்பதே இல்லை ஐயா. மூத்த தலைமுறையின் அரச வேலை மோகமும் வெளிநாட்டுக் காசும் சேர்ந்து தனியார் துறையை இங்கே வளரவிடவில்லை. நான் எதைத் தெரிவது? வணிகத்தை அடிப்படையிலிருந்து விளங்கிக்கொள்ள என்ன புத்தகம் படிக்கலாம்?

க., கொக்குவில்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த கிழமைதான் பேத்திக்குச் சட்டை எடுக்க யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு புடவைக்கடைக்குப் போயிருந்தேன். துணி விரித்துக் காட்டிய பிள்ளை என்னிடம் படித்தவள். ஆறு வருடமாக அங்கேதான் நிற்கிறாளாம். நிற்கிறாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், அந்தக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்க ஒரு கதிரை இல்லை. "ஈ.பி.எப். வெட்டுகினமா பிள்ளை?" என்று கேட்டேன். ஊழியர் சேமலாப நிதியைத்தான் கேட்டேன், இளைப்பாறும் காலத்துக்கென்று மாதாமாதம் சேர்க்கும் காசு. முகம் மலர்ந்து சொன்னாள்: "அப்படி ஒண்டும் வெட்டுறேல்லை சேர். முழுச் சம்பளமும் கையில தருவினம்."

அந்தச் சந்தோசம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அதோடு உங்கள் கடிதமும் வந்தது.

முதலில் புத்தகம். புதிதாக ஒன்றும் வேண்டாம். உயர்தரத்தில் படித்த வணிகக் கல்விப் பாடநூலைத் திரும்ப எடுங்கள். உற்பத்திக் காரணிகள் நான்கு என்று அதில் இருக்கும்: நிலம், உழைப்பு, மூலதனம், முயற்சியாண்மை. உங்கள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் முயற்சியாண்மை என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. உழைப்பு ஓரிடத்திலும் இல்லை. மூன்று பேரை வேலைக்கு வைக்கப்போகிறேன் என்கிறீர்கள், அந்த மூன்று பேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பொதியின் நிறம்வரை யோசித்திருக்கிறீர்கள் தம்பி. அதைப் பொதி செய்யும் கை யாருடையது?

எங்கள் ஆட்களுக்கு முயற்சி இல்லை என்ற கதையை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். படித்த பிள்ளை சொல்லும் கதை அல்ல அது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் அத்திலாந்திக் கடலைத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் போனது. புங்குடுதீவு, காரைநகர், வேலணை ஆட்கள் தெற்கே சிங்கள ஊர்களில் சுருட்டுக்கடையும் பலசரக்குக்கடையும் சாப்பாட்டுக்கடையும் போட்டார்கள். 70களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது எங்கள் தோட்டக்காரர் இலங்கைக்கே விளைவித்தார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அதே ஆட்கள் விலை விழுந்து நொடித்தார்கள். இதற்கெல்லாம் சோம்பல் காரணமா? வெளிநாட்டுக் காசைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை, அது வேறு கதை.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் எனக்கு வலித்தது.

என் அப்பா மாத்தறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டினத்துக் கடையில் கணக்கப்பிள்ளை. 1952இல், இருபது வயதில் போனவர். வருடத்தில் இரண்டு தரம் வீட்டுக்கு வருவார். சித்திரை வருடப்பிறப்புக்கு வரும்போது கித்துள் பாணி ஒரு போத்தலும் தொதலும் கொண்டுவருவார். அந்தப் போத்தலின் வாயைச் சுற்றிக் கட்டியிருக்கும் துணியின் மணம் இப்போதும் எனக்குத் தெரியும். மற்ற மாதங்களில் காசுக்கட்டளை வரும், அதன் அடியில் இரண்டு வரி எழுதியிருப்பார்.

முதலாளி நல்லவர். இதை அழுத்திச் சொல்லவேண்டும். அக்காவின் கலியாணத்துக்குக் காசு தந்தவர், எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது மருந்து வாங்கி அனுப்பியவர். "நீ எங்கட வீட்டுப்பிள்ளை" என்று அப்பாவிடம் சொல்வாராம். வீட்டுப்பிள்ளைக்கு எதற்கு நியமனக் கடிதம்? வீட்டுப்பிள்ளைக்கு எதற்கு ஈ.பி.எப்.? ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. அப்பா அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் அதே மேசையில் இருந்து மற்றவர்களின் கணக்கை எழுதினார். அவருடைய பெயரில் ஒரு சதமும் எங்கும் கட்டப்படவில்லை.

1983 ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், கடை எரிந்தது. கொழும்பில் அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். உடுத்த வேட்டி, யாரோ கொடுத்த சேட்டு. அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. முதலாளியும் எல்லாவற்றையும் இழந்தார், அவரிடம் போய் என்ன கேட்பது? இரண்டு வருடம் கழித்து, வேறு எங்காவது வேலை தேடலாம் என்று, முப்பத்தொரு வருடம் வேலை செய்ததாக ஒரு கடிதம் மட்டும் கேட்டு எழுதினார். பதில் வரவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று அதற்கும் அப்பாதான் வெட்கப்பட்டார்.

எங்கள் ஒழுங்கையில் தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறிய பெரியப்பா ஒருவர் இருந்தார். அப்பாவை விடக் கெட்டிக்காரர் அல்ல, அப்பாவை விடக் கூட உழைத்தவரும் அல்ல. 1990க்குப் பிறகு போரில் பாதை அடைத்து, பொருளாதாரத் தடை வந்து, மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் தேடித் திரிந்த காலத்திலும் அவருக்குப் பென்சன் வந்தது. பிந்தி வந்தாலும் வந்தது. ஊரே ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்கிய காலம் அது, கடன் சங்கிலி கடைசியில் போய் முடிவது ஒரு பென்சன்காரர் வீட்டில். அப்பா அந்தப் படலையைத் திறந்து உள்ளே போக முன்னர் ஒரு நிமிடம் வெளியே நிற்பார். சேட்டுக் கொலரைச் சரிசெய்வார். அம்மா அதை எங்கள் வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும் என்று என்னிடம் சொன்னவர் அந்த அம்மா. நான் அதைக் கேட்டு ஆசிரியரானேன். இதை மோகம் என்று எழுதுகிறீர்களே, எந்த மோகம்? உங்கள் அம்மாவும் இப்படி ஒரு படலையைப் பார்த்திருப்பார். அரசாங்கத்தின் மேல் யாருக்கு ஆசை இங்கே? அவர்கள் கேட்பது ஒரு கடதாசி. முதலாளி செத்தாலும், கடை எரிந்தாலும், பாதை அடைத்தாலும் செல்லுபடியாகும் ஒரு கடதாசி. அதை அந்தக் காலத்தில் எங்களுக்குத் தந்தது கோறணமேந்து மட்டும்தான்.

சேமலாப நிதியில் இருக்கும் விசயமும் அதுதான், தம்பி. இதைப் பொறுமையாகக் கேளுங்கள். நீங்கள் ஒருவருக்கு மாதம் 40,000 ரூபா சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். அதில் 8 வீதம், 3,200 ரூபா, அவருடைய சம்பளத்தில் இருந்து கழியும். 12 வீதம், 4,800 ரூபா, நீங்கள் உங்கள் காசில் போடவேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,200 ரூபா, அதுவும் உங்கள் காசு. ஆக மாதம் 9,200, வருடம் 1,10,400 அந்தப் பிள்ளையின் பெயரில் சேரும். வட்டி வேறு. சேமலாப நிதிக் காசு மத்திய வங்கியில் இருக்கிறது, உங்கள் லாச்சியில் இல்லை. நீங்கள் நொடித்தாலும், கனடாவுக்குப் போனாலும் அது அவளுடையது. அப்பாவின் பெயரில் அந்தக் காசு இருந்திருந்தால் மாத்தறைக் கடையோடு எரிந்திருக்காது.

புடவைக்கடைப் பிள்ளை நினைத்துக்கொண்டிருப்பது, தன் 8 வீதத்தை வெட்டாமல் தருகிறார்கள் என்று. தனக்கு வரவேண்டிய 12ஐயும் 3ஐயும் அவள் அறியவே இல்லை. மாதாமாதம் அவளுக்குச் சேரவேண்டிய அந்த 15 வீதத்தை வைத்துக்கொண்டு, முழுச் சம்பளமும் தருகிறேன் என்று பெயர் வாங்குகிறார் முதலாளி. அதே கடை வாசலில் "வேலைக்கு ஆட்கள் தேவை" என்று மட்டை தொங்குகிறது. காசாளர் மேசையில் இருந்தவர் என்னிடம் சலித்துக்கொண்டார்: ஆள் பிடிக்க ஏலாது மாஸ்டர், எல்லாம் வெளிநாட்டுக்கு ஓடுது. ஓடாமல் என்ன செய்யும்? ஆறு வருடம் நின்ற காலுக்கு ஒரு கதிரையும் இல்லை, ஒரு கடதாசியும் இல்லை. தமிழ்நாட்டில் 2021இல் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தார்கள். ஒரு கதிரை போடுவதற்கும் எங்களுக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டுமா?

சின்னத் தொழில், மூன்றே பேர், பிறகு பார்ப்போம் என்று சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லாதீர்கள். ஒரே ஒருவரை வைத்திருந்தாலும் சேமலாப நிதிச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். மூன்று பேருக்கு உங்கள் பங்கு மாதம் 18,000. அதைப் போட்டால் மிளகாய்த்தூளின் விலை கட்டாது என்றால் உங்கள் விலை பிழை, கணக்கைத் திரும்பப் போடுங்கள். பெயர்ப்பலகைக்கும் திறப்பு விழாவுக்கும் ஒதுக்கிய காசைக் குறையுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியப் போகிற அதே கிழமையில் தொழில் திணைக்களத்துக்கும் போங்கள். ஒடியல் இடிக்க வரப்போகிற அக்காமாருக்கு நியமனக் கடிதம் தமிழில் அடித்துக் கொடுங்கள். லீவு எத்தனை நாள் என்று அதில் எழுதுங்கள். "எங்கட ஆட்கள்தானே" என்று மட்டும் தொடங்காதீர்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நியமனத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 2022இல் நாடு கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்த பிறகு, தன் உத்தியோகத்தரையே ஐந்து வருடம் சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகச் சொன்ன அரசாங்கம் இது. அந்த வாசலில் இளமையைச் செலவழிக்காதீர்கள். தொழில் தொடங்க முன்னர் ஒரு வருடமாவது இன்னொருவரிடம் சம்பளத்துக்கு நில்லுங்கள். மாதக் கடைசியில் சம்பளம் இரண்டு நாள் பிந்தினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

அந்தக் கொழும்பு நிறுவனம் நியமனக் கடிதம் தருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வெட்கப்படாமல் கேளுங்கள். கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள். அது ஆங்கிலத்தில்தான் இருக்கும், எட்டு, பன்னிரண்டு, மூன்று என்று வரும் இடத்தை மட்டும் நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். அவர் திரும்பச் சொல்லச் சொன்னால் திரும்பவும் சொல்லுங்கள்.

அன்புடன்.