‘ஆவன செய்யப்படும்’ என்றால் யார் செய்வது?

நிர்வாக உதவியாளர் வேலையில் இருக்கும் வாசகர்கள், எழுத்துவேலை பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: கூட்டத்தில் பேசுவதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) ஆறேழு பக்கம் வந்துவிடுகிறது, யாரும் படிப்பதில்லை. எதை விடலாம்?

பதில்: பேச்சை விடுங்கள், முடிவை வையுங்கள். நிகழ்ச்சி நிரலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்த முடிவு, செய்யவேண்டியவர் பெயர், கெடு தேதி மூன்றும் இருந்தால் போதும். ‘ஏன் இப்படி முடிவெடுத்தோம்?’ என்று பின்னால் கேள்வி வரும் எனத் தோன்றினால் காரணத்தை ஒரு வரியில் சேருங்கள். யாராவது தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னால் பெயரோடு எழுதுங்கள்.

‘பிரிண்டர் ஒப்பந்தம் குறித்து ஆராய்ந்து ஆவன செய்யப்படும்’. இந்த வாக்கியம் பார்க்கக் கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆராயப்போவது யார், எந்தத் தேதிக்குள், எது கைக்கு வந்தால் வேலை முடிந்ததாக அர்த்தம் என்று ஒன்றுமே அதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ‘கணக்குப் பிரிவு மேலாளர் மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கி, 14-ஆம் தேதி மாலை 4 மணிக்குள் இயக்குநரிடம் கொடுப்பார்’ என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் ‘படும்’ என்று முடிந்தாலே கையை நிறுத்தி, ‘யாரால்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டத்திலேயே பெயர் சொல்லவில்லை என்றால், அடுத்த பொருளுக்குப் போகும் முன் ‘இதை யார் பார்க்கிறீர்கள் என்று எழுதிக்கொள்ளட்டுமா?’ என்று கேட்டுவிடுங்கள். இது அதிகப்பிரசங்கித்தனமோ என்று பலர் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம், குறிப்பெடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

தலைப்புகள், வருவோர் பட்டியல் இரண்டையும் முந்தின நாளே டைப் செய்து வையுங்கள். கூட்டம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் டிராஃப்ட் தலைவர் கைக்குப் போகட்டும். நாள் தள்ளிப்போனால் உங்களுக்கும் மறந்துபோகும், சரிபார்ப்பவருக்கும் மறந்துபோகும்.

கேள்வி: மெயில் அனுப்பினால் பதிலே வருவதில்லை. இரண்டு, மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

பதில்: தலைப்பு வரியைப் பாருங்கள். ‘பயணத் திட்டம்’ என்று இருந்தால் அவர் அப்புறம் படிக்கலாம் என்று வைத்துவிடுவார். ‘ஒப்புதல் வேண்டும்: பயண முன்பதிவு, வியாழன் பகல் 12 மணிக்குள்’ என்று இருந்தால் அங்கேயே வேலை தெரிந்துவிடும். ஒரு மெயிலில் ஒரே கோரிக்கை. இரண்டு கேட்டால் சுலபமானதற்கு மட்டும் பதில் வரும். ‘டு’வில் நான்கு பேரைப் போட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள். செய்யவேண்டியவர் ‘டு’வில், தெரிந்திருக்க வேண்டியவர்கள் ‘சிசி’யில்.

தேதியை 03/04 என்று எழுதாதீர்கள். சிலருக்கு அது ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதி, பக்கத்தில் கிழமையும் சேருங்கள். அனுப்பும் முன் அந்தக் கிழமையை நாட்காட்டியில் ஒப்பிடுங்கள். பழைய மெயிலை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றும்போது, கிழமை பழையதாகவே நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: மெயில் மெர்ஜில் (எக்ஸெல் பட்டியலிலிருந்து ஒவ்வொருவருக்கும் வேர்டில் தனித்தனிக் கடிதம் உருவாக்கும் வசதி) கடிதம் தயாரித்தால், எக்ஸெலில் சரியாக இருந்த தேதி மாதம் முன்னே வந்து மாறிவிடுகிறது. 00472 என்ற பணியாளர் எண் 472 ஆகிறது. ஏன்?

பதில்: எக்ஸெல் திரையில் காட்டும் வடிவத்தை வேர்டு எடுப்பதில்லை, உள்ளே சேமித்திருக்கும் மதிப்பை எடுக்கிறது. அதனால் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி (நெடுவரிசை) திறந்து, ‘டெக்ஸ்ட்’ ஃபங்ஷனால் வேண்டிய வடிவில் எழுத்தாக மாற்றுங்கள். மெர்ஜில் அந்தப் பத்தியைக் கொடுங்கள். எண் பத்தியை, தகவல் ஏற்றுவதற்கு முன்பே ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். முன்னால் உள்ள பூஜ்யங்கள் விழுந்தபின் வடிவத்தை மாற்றினால் அவை திரும்பி வராது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் முதல் கடிதம், கடைசிக் கடிதம், மிக நீளமான பெயர் உள்ள கடிதம், ஏதாவது ஒரு கட்டம் காலியாக உள்ள கடிதம் ஆகிய நான்கையும் திறந்து பாருங்கள். பிழை இருந்தால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில் அகப்படும்.

கேள்வி: ஐந்து வருடமாக அதே வேலை. முன்னேறச் சான்றிதழ் படிப்பு எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். 1942-இல் தொடங்கிய சர்வதேச நிர்வாகப் பணியாளர் சங்கம் ‘சிஏபி’ (சான்றளிக்கப்பட்ட நிர்வாகப் பணியாளர்) என்ற தேர்வை நடத்துகிறது. ஆனால் பணம் கட்டும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். மேலாளர் உங்கள் டிராஃப்டைத் திருத்தும்போது ‘டிராக் சேஞ்சஸ்’ (செய்த திருத்தங்களைத் தனியே காட்டும் வேர்டு வசதி) போட்டுத் திருத்தித் தரக் கேளுங்கள். ஒரு மாதத் திருத்தங்களைச் சேர்த்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வரும் மூன்று, நான்கு பிழைகள் தெரியும். நீங்கள் கற்கவேண்டிய பாடத்திட்டம் அதுதான்.

இரண்டாவது, உங்கள் இருக்கைக்கு ஒரு கையேடு எழுதுங்கள். ஒரு வேலைக்கு ஒரு பக்கம்: எப்போது செய்வது, எந்த ஃபைல், யார் கையெழுத்து, எங்கே சிக்கும். எழுதி முடித்ததும், அந்த வேலை தெரியாத சக ஊழியரிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று, வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எந்த வரியில் தலை நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.