நான்காம் பாகத்துப் பேய்

வணக்கம் சார்,

அல்சூரில் வசிக்கிறேன். போன வாரம் வீட்டில் ‘அரண்மனை 4’ பார்த்தோம். முந்தைய மூன்றையும் பார்க்காத என் மாமியாருக்கு எதுவும் புரியாமல் போகவில்லை. அப்புறம் எதற்கு அந்த எண்? கதைப் பஞ்சமா, காசு ஆசையா?

க., பெங்களூரு

அன்புள்ள க.,

காசுதான். பேய்ப்படத்துக்குப் பெரிய நட்சத்திரம் வேண்டாம், ஒரு வீடு போதும். ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்ற அமெரிக்கப் பேய்ப்படம் சுமார் 15,000 டாலரில் எடுக்கப்பட்டு, உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன் பிறகு எந்தத் தயாரிப்பாளர் சும்மா இருப்பார்?

ஆனால் உங்கள் மாமியார் விஷயம் காசைவிட சுவாரசியமானது. அமெரிக்கத் திகில் படத் தொடர்களில் கொலைகாரன் நிரந்தரம், சாகிறவர்கள்தான் மாறுவார்கள். அவனும் முதல் நாளே முழுதாக வந்துவிடுவதில்லை. 1980இல் வந்த ‘ஃப்ரைடே தி 13த்’ படத்தில் கொல்வது, அந்தத் தொடரின் பேர்போன கொலைகாரனான ஜேசனின் அம்மா. ஜேசன் இரண்டாம் பாகத்தில்தான் களமிறங்குகிறான். எல்லோருக்கும் தெரிந்த அந்த ஹாக்கி முகமூடி மூன்றாவதில்தான் அவனுக்குக் கிடைக்கிறது.

நம் ஊரில் தலைகீழ். ‘காஞ்சனா’ படங்களில் லாரன்ஸின் பயந்தாங்கொள்ளியும் கோவை சரளாவின் அம்மாவும் அப்படியே இருப்பார்கள், பேய் மட்டும் மாறும். ஏனென்றால் நம் பேய்க்கு ஃப்ளாஷ்பேக் உண்டு. தனக்கு நடந்த அநியாயத்தை அது சொல்லி அழுததும் நாமும் அதன் கட்சிக்குப் போய்விடுகிறோம். கிளைமாக்ஸில் வில்லனைக் கொன்றதும் கணக்குத் தீர்ந்தது, திரும்பி வர அதற்கு வேலையில்லை. அடுத்த பாகத்துக்கு வேறு பேய் பிடித்தாக வேண்டும். ஆக, அந்த எண் கதைக்குப் போட்டதல்ல. போன தடவை குடும்பத்தோடு போய்ச் சிரித்தீர்களே, அதே சிரிப்பு இதிலும் உண்டு என்பதற்குப் போட்டது.

இதில் எனக்குக் குறை உண்டு. பேய் ஒரு படத்துக்கு மட்டும் வாடகைக்கு வந்து போனால் பயம் வளர இடமே இல்லை. ‘டிமான்ட்டி காலனி 2’ எனக்குப் பிடித்ததற்குக் காரணம், 2015இல் வந்த முதல் படத்தின் கதையையே அது தொடர்ந்தது.

உங்கள் ஊர்ப் பேயும் ஒன்று இதில் உண்டு. 1990களில் கர்நாடகத்தில் இரவில் கதவைத் தட்டும் பேயைத் திருப்பி அனுப்ப, வாசலில் ‘நாளே பா’ என்று எழுதி வைத்தார்கள் என்பார்கள். ‘நாளைக்கு வா’ என்று படித்துவிட்டுப் போகும், மறுநாளும் வந்து அதையே படிக்கும். அந்தச் சாயலில்தான் இந்தியில் 2018இல் ‘ஸ்த்ரீ’ வந்தது, 2024இல் இரண்டாம் பாகம். தீராத கணக்கு உள்ள பேய் என்பதால் எனக்கு அந்தத் தொடர்மேல் நம்பிக்கை அதிகம். அல்சூர்ப் பக்கம் அப்படி எழுதி வைத்தவர்கள் யாரையாவது தெரிந்தால் எழுதுங்கள்.