தெற்கே சேர்கிறது, வடக்கே கரைகிறது: கடற்கரை மணல் கேள்வி-பதில்

மணல் எப்படி ஊர்விட்டு ஊர் போகிறது?

ஊறிய தேங்காய் மட்டை ஒன்றை அலையில் போட்டுப் பாருங்கள். அலை சாய்வாக வந்து அதைக் கரையில் ஏற்றும், திரும்பும்போது சரிவில் நேராக இறக்கும். அடுத்த அலை மறுபடி சாய்வாக ஏற்றும். கொஞ்ச நேரத்தில் மட்டை பத்தடி தள்ளிக் கிடக்கும். மணலும் அப்படித்தான் நகர்கிறது. நம் கிழக்குக் கரையில் ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை வடக்கே போகும். அப்புறம் வடகிழக்குப் பருவக்காற்றில் சில மாதங்கள் தெற்கே. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம்.

மெரினா இயற்கையான கடற்கரை இல்லையாமே?

இந்த அகலம் இயற்கையானதல்ல. முன்பு கோட்டைக்குப் பக்கத்திலேயே அலை அடித்தது. 1870-களில் துறைமுக வேலை தொடங்கிக் கடலுக்குள் கல் சுவர்கள் நீண்டதும், தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. அது ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போயிருக்க வேண்டிய மணல். வடசென்னைக் குப்பங்கள் வீடுவீடாகக் கடலிடம் இழந்ததையும் மெரினாவின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மழைக்காலத்தில் எங்கள் கரை பாதியாகிவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். பெரிய அலைகள் மணலை இழுத்துப்போய்க் கரைக்குச் சற்றுத் தள்ளித் திட்டாகப் போடும், அமைதியான அலைகள் திருப்பிக் கொண்டுவரும். கோடைக்குள் கரை திரும்பாமல், அதுவே வருடா வருடம் தொடர்ந்தால் கவனியுங்கள்.

அப்போது கருமணல் தெரிவது ஏன்?

இல்மனைட் போன்ற கனத்த தாதுக்கள் அவை. லேசான மணலை அலை அள்ளிப்போக, இவை தங்கிவிடுகின்றன.

புதுச்சேரியில் காணாமல் போன கடற்கரை திரும்பியது எப்படி?

அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980-களில் துறைமுகச் சுவர்கள் கட்டிய பிறகு, வடக்கே இருந்த நகரக் கடற்கரை கரைந்து கருங்கல் மட்டும் மிஞ்சியது. 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றை இறக்கியது. அலை அங்கே தணிந்தது. தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள், கரை திரும்பியது. காந்தி சிலை முன் குழந்தைகள் மறுபடி மணலில் விளையாடியதைப் பார்த்து மனம் நிறைந்தது.

எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்) கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். சரிதானே?

வாசல் வரை அலை வரும்போது கேட்பது நியாயம்தான். ஆனால் வளைவுக்குத் தெற்கே மணல் நிற்கும், வடக்கே பசி எடுத்த அலை அடுத்த ஊரை அரிக்கும். அவர்களும் ஒன்று கேட்பார்கள், அப்புறம் அதற்கடுத்த ஊர். தெற்கே துறைமுகமோ முகத்துவாரச் சுவரோ இருந்தால், அங்கே தேங்கும் மணலை ஆண்டுதோறும் அள்ளி வடக்குக் கரையில் போட வேண்டும் என்றும் மனுவில் சேருங்கள். வடக்கு ஊர்க்காரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.