வைரத்தோட்டை அடகு வைக்காதீர்கள், ஆச்சி

ஆச்சி, நேற்று கோட்டையூரிலிருந்து வந்து கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தீர்கள். ஆறுதல் சொல்லி அனுப்பினேன். இப்போது மனதில் உள்ளதைச் சொல்கிறேன். 20 லட்சம் கட்டி உங்கள் மகளைச் சென்னையில் ஏஐ படிப்பில் சேர்க்க வேண்டாம். அதற்காக வைரத்தோட்டை அடகு வைப்பது வேண்டவே வேண்டாம். அவள் சித்தப்பா சொன்னார், பங்காளி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் ஒரு காரணமா? பணம் கட்டப்போவது நீங்கள், படிக்கப்போவது அவள்.

முகப்பில் இருக்கும் வைஃபை வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு எட்டவில்லை என்று பழைய ரூட்டர் மூன்றை வரிசையாக வைத்து அடுப்படிவரை கொண்டுபோயிருக்கிறாளே, கவனித்தீர்களா? ஒருநாள் நடு ரூட்டரின் பிளக்கை யாரோ பிடுங்கிவிட, அதற்கப்பால் எல்லாம் நின்றுபோனதாம். "பக்கவாட்டில் இன்னொரு வழி இருந்திருந்தால் சார்?" என்று என்னிடம் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. டவர் இல்லாமல் கருவிகளே ஒன்றுக்கொன்று தகவலைக் கைமாற்றும் 'அட் ஹாக்' வலையமைப்பு. 2018 கஜா புயலில் புதுக்கோட்டைப் பக்கம் போன் செத்துக் கிடந்ததே, அப்படிப்பட்ட நேரத்துக்கு உதவக்கூடியது. இதில் தகவல் போகும் வழியைத் தேடித்தரும் முறைகள் பல. 2003-ல் ஆர்எஃப்சி 3561 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்த ஏஓடிவி முறை, ஓர் இடத்துக்கு ஒரே வழியைத்தான் வைத்துக்கொள்ளும். அது அறுந்தால் திரும்பவும் எல்லாக் கருவிகளிடமும் வழி கேட்டுப் போக வேண்டும். அதிலிருந்து கிளைத்த ஏஓஎம்டிவி ஒரே தேடலில் பல வழிகளை எடுத்து வைத்துவிடும். கருவிகள் நகர்ந்துகொண்டே இருந்தால் இதுதான் கைகொடுக்கும்.

ஆனால் பல வழி என்றாலே வேகம் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்துப் பக்கத்து வழிகள் ஒரே அலைவரிசையில் பேசினால் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டு வழியாகப் பிரித்து அனுப்பிய பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள், முன்னும் பின்னுமாக வந்தால், ஏதோ தொலைந்துவிட்டது என்று எண்ணி, அவை ஒழுங்காகச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி என்ற இணைய நெறிமுறை வேகத்தைக் குறைத்துவிடும். அசையாமல் இருக்கும் கருவிகளுக்குப் பல நேரம் ஒற்றை வழியே போதும். நான் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் மகள் நோட்டில் படம் போட ஆரம்பித்துவிட்டாள்!

இதற்கு ஈசிஇ, அதாவது மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியியல் படிக்கட்டும். 1952-ல் தொடங்கிய அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி காரைக்குடியிலேயே இருக்கிறது. அரசுக் கட்டணம்தான், பஸ்ஸில் போய்வரலாம். வலையமைப்பைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க உதவும் என்எஸ்-3 சிமுலேட்டரை வீட்டுக் கணினியில் இலவசமாக இறக்கி, 50 கருவிகளை நகரவிட்டு, எந்த முறையில் எத்தனை பாக்கெட் தவறுகிறது, எவ்வளவு தாமதமாகிறது என்று அவளே அளந்து பார்க்கலாம். அதற்கு சி++ என்ற நிரல்மொழி தெரிய வேண்டும். அதை இந்த விடுமுறையிலேயே தொடங்கட்டும்.

அப்புறம், பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும். பாஸ்வேர்டைச் சித்தப்பாவிடம் கொடுக்காதீர்கள்.