ஏரியில் இறங்கலாமா அக்கா?

(குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் நம் தோழி, தண்ணீரில் இறங்குவது பற்றி வடசென்னை வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

என் பையன் எட்டாம் வகுப்பு. லீவு விட்டதிலிருந்து கூட்டாளிகளோடு ஏரிக்குப் போய் ஆட்டம் போடுகிறான். கேட்டால், "தண்ணி சுத்தமா இருக்கும்மா, கால் விரல்கூடத் தெரியுது" என்கிறான். போன வாரம் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. ஏரித் தண்ணீர்தான் காரணமா? பார்த்தே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா அக்கா?
— வாசகி, கொளத்தூர்

வயிற்றுப்போக்குக்கு ஏரிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதே வாரம் தள்ளுவண்டியில் என்னென்ன சாப்பிட்டான் என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் நிச்சயமாகத் தெரியும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கால் விரல் தெரிந்தால் தண்ணீரில் மண் குறைவு, அவ்வளவுதான். கலங்கலாக இருந்தால் வெயில் உள்ளே இறங்காது, அதனால் கிருமி கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். அதற்காகத் தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் ஆகிவிடாது.

நாங்கள் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். மாதிரி எடுக்க, கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டிலை வாய் கீழே இருக்கும்படி தண்ணீருக்குள் விட்டு, முழங்கை அளவு ஆழத்தில் திருப்பி நிரப்ப வேண்டும். மேலே மிதக்கும் ஆடையை அள்ளிக்கொண்டு வந்தால் கணக்கு தப்பும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே ஊதா நிறக் கரைசல் ஊற்றிய சோதனைக் குழாய்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் விரல் நகம் அகலத்தில் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். தண்ணீரைச் சேர்த்து, உடம்புச் சூட்டில் வைத்துவிட்டு, மறுநாள் வந்து பார்ப்போம். ஊதா மஞ்சளாகி, குட்டிக் குழாயின் உச்சியில் காற்றுக் குமிழி ஏறியிருந்தால், மலம் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் வலுக்கும். பிறகு 44.5 டிகிரி சூட்டில் இன்னொரு முறை வைத்துப் பார்ப்போம். அந்தச் சூட்டையும் தாங்கி வளர்ந்தால், அது பெரும்பாலும் மனிதர், மாடு, நாய் குடலிலிருந்து வந்ததுதான்.

நாங்கள் தேடுவது ஈ.கோலை வகைக் கிருமிகளை. அவற்றில் பெரும்பாலானவை யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அவை இருக்கிறது என்றால் மலம் கலந்திருக்கிறது. மலம் வந்த வழியில் டைபாய்டு, சீதபேதி, மஞ்சள்காமாலைக் கிருமிகளும் வரலாம். குளிக்கிற தண்ணீரில் 100 மில்லிக்கு இந்த வகை 500க்குள் இருப்பது நல்லது, 2500ஐத் தாண்டவே கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு.

ஒரு சாயங்காலம் நீங்களே ஏரிக்கரையைச் சுற்றி நடந்து பாருங்கள். எந்தத் தெருவின் கால்வாய் வந்து விழுகிறது, கழிவுநீர் லாரி தடம் இருக்கிறதா, மாடு எங்கே குளிப்பாட்டுகிறார்கள் என்று பாருங்கள். சாக்கடை விழுகிற ஏரி என்றால் பேச்சே வேண்டாம். விழாத ஏரியாக இருந்தாலும் நல்ல மழை பெய்தால் மூன்று நாள் விட வேண்டும், தெருவில் கிடந்ததெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும். பிள்ளைகள் வாய் நிறையத் தண்ணீர் எடுத்து ஒருவர் முகத்தில் ஒருவர் பீச்சி விளையாடுவார்கள், அதை முதலில் நிறுத்துங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கிருமியை விட எனக்குப் பெரிய பயம், தூர் வாரிய ஏரியில் இருக்கும் திடீர்ப் பள்ளம். பையனுக்கு நீச்சல் தெரியுமா?

எங்க ஆயா காலத்துல எல்லாரும் குளத்துலதான் குளிச்சாங்க, அதே தண்ணியைத்தான் குடிச்சாங்க. அப்போ வராத நோய் இப்போ மட்டும் எப்படி வருது?
— வாசகர், ராயபுரம்

வராமலா தம்பி, தண்டையார்பேட்டையில் தொற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை கட்டினார்கள்? செத்தவர்கள் வந்து நமக்குக் கதை சொல்வதில்லை, பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம்.

1883 டிசம்பரில் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் காலராக் கிருமியைத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே ஒரு குளத்தைச் சுற்றியிருந்த குடிசைகளில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. குளிப்பது, துவைப்பது, குடிப்பது எல்லாமே அந்தக் குளத்தில்தான். நோய் வந்தவரின் துணியை அலசியதும் அதில்தான். அந்தக் குளத்துத் தண்ணீரிலேயே கிருமியை அவர் கண்டுபிடித்தார்.

அவ்வளவு பின்னால் போகக்கூட வேண்டாம். 1992 கடைசியில் ஓ139 என்ற புது வகைக் காலரா நம் சென்னையில்தான் முதலில் தலைகாட்டியது. பிறகு கல்கத்தா, வங்கதேசம் என்று பரவியது. பழைய காலராவைத் தாங்கிப் பழகிய பெரியவர்களையும் அது விடவில்லை.

ஆயா சொன்னதில் ஓர் உண்மை உண்டு. அந்தக் காலத்தில் பல ஊர்களில் குடிக்கிற குளம் வேறு, குளிக்கிற குளம் வேறு. குடிக்கிற குளத்தில் கால் நனைத்தால் அடி விழும். அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு, குளத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

எங்கள் அடுக்குமாடியில் நீச்சல் குளம் இருக்கிறது. குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது, குழந்தைகளுக்குக் கண் சிவக்கிறது. "மருந்து நிறையப் போட்டிருக்கோம் மேடம், ரொம்ப சேஃப்" என்கிறார் பராமரிப்பாளர். சரியா?
— வாசகி, பெரம்பூர்

அவர் சொல்வது தலைகீழ். வேலை செய்கிற குளோரினுக்கு அவ்வளவு வாடை கிடையாது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அப்படி நாறும், கண்ணையும் எரிக்கும். அதாவது இருந்த குளோரின் செலவாகிவிட்டது, அழுக்கு மிச்சமிருக்கிறது.

குளோரின் லிட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.2இலிருந்து 7.8 வரை இருக்க வேண்டும். பி.எச். ஏறிவிட்டால் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். சோதனைப் பெட்டி கடையில் கிடைக்கும், சொட்டு விட்டு நிறம் பார்க்கிற வேலைதான். காலையில் பார்த்து நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள், ஏமாறாதீர்கள். நம் ஊர் வெயில் திறந்தவெளிக் குளத்துக் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். சாயங்காலம் பிள்ளைகள் இறங்கும் முன் பார்க்கச் சொல்லுங்கள். கரையில் நின்றால் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் யாரும் இறங்கக் கூடாது.

வயிற்றுப்போக்கு இருக்கிற குழந்தையை இறக்கவே இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, சரியான அளவு குளோரின் இருக்கிற தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

கேரளாவில் மூளையைத் தின்கிற அமீபா என்று டிவியில் காட்டுகிறார்கள். காசிமேடு பக்கம் கடலில் இறங்கவே பயமாக இருக்கிறது.
— வாசகி, வியாசர்பாடி

அந்த அமீபாவுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, கடலில் அது இல்லை. கடலில் பயப்பட வேண்டியது அலையையும், ஆறும் கால்வாயும் வந்து கலக்கிற இடத்தையும்தான்.

நெக்லேரியா ஃபௌலெரி என்பது அதன் பெயர். பாக்டீரியா அல்ல. தேங்கிய, சூடான நன்னீரில் வாழும், 46 டிகிரி வரைக்கும் தாங்கும். குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்கு வழியாக ஏறினால்தான் மூளைக்குப் போகும். அதனால் குட்டையில் தலைகீழாகப் பாய்வது, அடியில் போய்ச் சேற்றைக் கிளறுவது இரண்டும் வேண்டாம். சளிக்கு மூக்கைக் கழுவுகிறவர்கள் கொதித்து ஆறிய தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். மிக அபூர்வமான நோய், ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. 2024இல் கோழிக்கோட்டுப் பக்கம் 14 வயதுப் பையன் பிழைத்ததற்குக் காரணம், சீக்கிரம் கண்டுபிடித்ததுதான். குளத்தில் குளித்த இரண்டு வாரத்துக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால், "குளத்தில் குளித்தான்" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மழை வந்தா கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் தண்ணி நிக்கும். பசங்க அதுல குதிச்சு விளையாடுதுங்க. அடிச்சாலும் கேக்கல.
— வாசகர், புளியந்தோப்பு

அடிக்க வேண்டாம், காலில் சிராய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா அந்தச் சிராய்ப்பு வழியாக ஏறும். எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதுதான். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலில் தொட முடியாத வலி வரும். சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு விட்டுவிட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடலாம். ஆரம்பத்திலேயே போனால் ஆன்டிபயாட்டிக்கில் சரியாகிவிடும்.

நான் எண்ணூர் முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவள். சர்க்கரை இருக்கிறது. முள் குத்தினால் மஞ்சள் வைத்துக் கட்டுவேன், ஆறிவிடும். மகள் பயப்படுகிறாள்.
— வாசகி, எண்ணூர்

மகள் பயப்படுவது நியாயம்தான் அம்மா. மற்றவர்கள் பொழுதுபோக்கத் தண்ணீரில் இறங்குகிறார்கள், உங்களுக்கு அது பிழைப்பு. அதனால் இறங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உப்பும் நன்னீரும் கலக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா தானாகவே இருக்கும், சாக்கடை கலக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மற்றவர்களுக்குச் சாதாரணப் புண்ணாகப் போவது, சர்க்கரையோ கல்லீரல் நோயோ இருப்பவர்களுக்கு ஒரே நாளில் கையையே எடுக்கிற நிலைக்குக் கொண்டுபோகும். முள் குத்தினால் உடனே கரையேறி, நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். ஆறாத புண் இருக்கிற நாளில் இறங்காதீர்கள். குத்திய இடம் வீங்கி, சிவப்பு மேலே ஏறி, கறுத்த கொப்புளம் எழும்பினால் மஞ்சளை நம்பி விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரியே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், முகத்துவாரத் தண்ணீரில் குத்தியது என்று சொல்லுங்கள்.

கோயில் குளம் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. தீர்த்தம் தெளித்துக்கொள்ளலாமா? செம்புக் காசு போட்டால் சுத்தமாகும் என்கிறார்களே?
— வாசகி, திருவொற்றியூர்

செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்க வைத்த தண்ணீரில் கிருமி குறையும், அது உண்மை. குளத்துக்குக் காசு எம்மாத்திரம்! அதுவும் இப்போது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எல்லாம் எவர்சில்வர்.

பச்சை ஆடை பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசி. செடி மாதிரி தெரிந்தாலும் அதுவும் பாக்டீரியாதான். அதில் சில வகை கல்லீரலைத் தாக்கும் நஞ்சை விடும், கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தலையில் இரண்டு சொட்டுத் தெளித்தால் ஒன்றும் ஆகாது. வாயில் விடாதீர்கள், முங்காதீர்கள், நாயைக் குடிக்க விடாதீர்கள். பக்கத்து வீடுகளின் சோப்புத் தண்ணீர் எந்த ஓட்டை வழியாகக் குளத்துக்குள் வருகிறது என்று கோயில் அலுவலகத்தில் கேளுங்கள். அதை அடைக்காமல் பாசியை மட்டும் அள்ளினால் அடுத்த மாதமும் அள்ள வேண்டும்.