பிளாஸ்மா இயற்பியலை எங்கிருந்து கற்கத் தொடங்கலாம்?

பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் நீங்கள், பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து திரியும் வாயுவை, எங்கிருந்து கற்கத் தொடங்குவது, அதனால் நடைமுறைப் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அணுக்கரு இணைவு உலையைச் சற்றுத் தள்ளிவைத்து, எல்.இ.டி.க்கு மாறாத பழைய டியூப் லைட்டிலிருந்து தொடங்குங்கள்.

அந்தக் குழாயில் குறைந்த அழுத்தத்தில் ஆர்கானும் சிறிதளவு பாதரச ஆவியும் இருக்கின்றன. எரியும்போது எலக்ட்ரான்களின் வெப்பநிலை சுமார் 11,000 கெல்வினை எட்டினாலும், குழாயைக் கையால் தொட முடிகிறது. பாதரச அணுவின் நிறை எலக்ட்ரானுடையதைவிட மூன்றரை லட்சம் மடங்குக்கும் அதிகம் என்பதால், அதன் மீது மோதித் தெறிக்கும் எலக்ட்ரான் தன் ஆற்றலில் மிகச் சிறு பங்கையே இழக்கிறது. ஒரே இடத்தில் இரு வெப்பநிலைகள் நிலவும் இந்த நிலையைப் பொறுமையாகப் புரிந்துகொள்ளுங்கள். பாடத்தின் பாதி இதற்குள் இருக்கிறது என்பேன். நான் வளர்ந்த திருவொற்றியூரின் பட்டறைகளில் மின்வில்லால் உலோகத்தை இணைக்கும் டிக் வெல்டிங்குக்குப் பயன்படுவதும் ஆர்கான்தான். ஆனால் வளிமண்டல அழுத்தத்தில் மோதல்கள் மிகுந்து, அணுக்களும் எலக்ட்ரான்களோடு சேர்ந்து சூடேறுவதால், அங்கே இரும்பு உருகுகிறது.

பயன்பாடுகளில் நான் முதலிடம் தருவது, நிலக்கரி அனல் மின் நிலையங்களில் ஈ.எஸ்.பி. எனப்படும், புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் கருவிக்கு. பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் உள்ள கம்பிகளைச் சுற்றி வாயு அயனியாகிறது. அங்கு உருவாகும் மின்னூட்டம் சாம்பல் துகள்களில் ஏற, எதிரே உள்ள தகடுகள் அவற்றை ஈர்த்துக்கொள்கின்றன. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் வாழ்பவர்களுக்கு அந்தச் சாம்பல் காற்றில் கலக்காதிருப்பது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. சிலிக்கான் சில்லுகளில் நுண்ணிய வடிவங்களைச் செதுக்குவதும் பிளாஸ்மாதான். பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் டோகமாக் வகை இணைவுக் கருவிகளான, காந்திநகரில் 1989 முதல் இயங்கிய ஆதித்யா, இந்தியாவும் உறுப்பு நாடாக உள்ள பிரான்சின் ஐட்டர் ஆகியவற்றைப் பிறகு படிக்கலாம்.

மின்காந்தவியலும் வாயுக்களின் இயக்கவியற் கொள்கையும் உறுதியாக இருந்தால், ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் உள்ள என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிளாஸ்மா விரிவுரைகளைப் பின்தொடரலாம். முதலில், பிளாஸ்மாவுக்குள் ஒரு மின்னூட்டத்தின் தாக்கம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதைக் காட்டும் டிபை நீளத்திற்கான சமன்பாட்டை நீங்களே வருவியுங்கள். டியூப் லைட்டில் ஒரு கன மீட்டருக்கு 10இன் 17ஆம் அடுக்கு எலக்ட்ரான்கள் என்று கொண்டால், விடை சுமார் 0.02 மி.மீ. வரும். குழாயின் விட்டம் அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் இருப்பதால்தான், சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கைத் தவிர உள்ளே எங்கும் நேர், எதிர் மின்னூட்டங்கள் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன.